வெந்நீர் நிற்கும் இடம்

மார்ச் 24, 2020

கொரோனாவால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை மூடிவிட்டார்கள். ஐந்து வாயில்களும். ஊரிலும் இன்று நள்ளிரவிலிருந்து இருபத்தொரு நாள் ஊரடங்கு.

மார்ச் 26

ஃபாரெஸ்ட் ஃபென் என்ற கிழவர் ராக்கி மலையில் ஒளித்துவைத்த புதையலைத் தேடிப்போய்ச் செத்த ஐந்தாவது ஆள். இடத்துக்குக் குறிப்பு அவர் எழுதிய ஒரு கவிதைதான். கொலராடோ, யூட்டா எல்லையில், டைனோசர் தேசியச் சின்னத்துக்குப் பக்கத்தில். பனி வண்டியில் இருவர் போயிருக்கிறார்கள், ஒருவர் திரும்பவில்லை. போன மாதம்தான் ஏறக்குறைய அதே இடத்திலிருந்து இருவரையும் மீட்டுக் கொண்டுவந்தார்களாம். அப்படியும் போயிருக்கிறார்கள்.

செய்தியை வாசித்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மேஜைமேல் விரித்திருந்த என் வரைபடத்தை மட்டும் மடித்து அலமாரியில் வைத்தாள். தப்பாக மடித்திருக்கிறாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது, இரக்கத்துக்குப் பதிலாக. ஃபென் பெட்டியை ஒளித்தபோது அவருக்கு எழுபத்தொன்பதோ எண்பதோ. எண்பது வயதுக்காரர் போக முடியாத இடத்தில் தேடாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். பெட்டியும் அதிலிருக்கும் தங்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட பத்தொன்பது கிலோ. ஒரே மதியத்தில் காரிலிருந்து இரண்டு நடையாகக் கொண்டுபோய் வைத்தேன் என்கிறார். மார்ச் மாதப் பனியில் வண்டி ஓட்டிப்போய்த் தேடும் இடமா அது?

மார்ச் 29

இங்கே அமெரிக்காவில் இரவு எட்டு, ஊரில் மறுநாள் காலை ஏழரை. அம்மா கைபேசியைப் பிடித்தால் பாதி நேரம் மின்விசிறிதான் தெரிகிறது. அப்பா தெரிந்த சிறிது நேரத்தில் என்னைப் பார்த்து, தெளிவாக, “செவ்வாய்” என்றார். இங்கே ஞாயிறு என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். “செவ்வாய், செவ்வாய்.” கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார்: புரிதல் அப்படியே இருக்கிறது, சொல்தான் இடம் மாறி வருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் போக வேண்டும். பஸ் இல்லை, கார் இல்லை, பயிற்சியும் இல்லை.

ஏப்ரல் 3

கடையில் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசிதான். வரிசையில் நின்றபோது யோசித்தது: ‘வெந்நீர் நிற்கும் இடத்தில் தொடங்கு’ என்கிறது ஃபென்னின் கவிதை. ‘நிற்கும்’ என்றால் எப்படி? ஆறு நிற்காது. அணை கட்டினால் நிற்கும். எல்லையைத் தொட்டால் பெயரளவில் நிற்கும். அல்லது இன்னோர் ஆற்றில் கலந்து, தன் பெயரை இழந்து நிற்கும்.

ஃபயர்ஹோல் ஆறு வெந்நீர் ஊற்றுகளின் நீரை எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறது. மேடிசன் சந்திப்பில் கிப்பன் ஆறு வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு ஃபயர்ஹோலும் இல்லை, கிப்பனும் இல்லை, மேடிசன்தான். வெதுவெதுப்பான நீர் அங்கே நின்றுவிட்டது. இதை நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை, ஆயிரம் பேர் சொல்லியாகிவிட்டது. எனக்கு வேண்டியது அடுத்த வரி.

ஏப்ரல் 5

பீரோ சாவியைக் காணவில்லை. காப்பீட்டு அட்டை, பட்டா, அம்மாவின் இரண்டு வளையல், எல்லாம் உள்ளே. அப்பா எப்போதும் சாவியை இடம் மாற்றி மாற்றி வைப்பார், ஒருவரிடமும் சொல்லமாட்டார். இப்போது சொல்லவே முடியாது.

அப்படியானால் செவ்வாய் என்பது?

ஏப்ரல் 6

தூங்கவில்லை. செவ்வாய்க்கு உரிய தலம் வைத்தீஸ்வரன்கோயில். கூடத்தில் செல்வமுத்துக்குமாரசுவாமி படம் ஒன்று, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. அம்மாவை முக்காலி போட்டு ஏறச் சொல்லிக் கழற்ற வைத்தேன். சட்டத்துக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டையும் ஒட்டடையும்.

அறுபத்தெட்டு வயதில் அம்மாவை முக்காலியில் ஏற்றியதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சரிதான். ஆனால் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் மட்டும் என்ன செய்துவிட்டாள்?

ஏப்ரல் 8

வாரத்தில் மூன்றாம் நாள். மூன்றாவது இழுப்பறை. இல்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. சேமியா பாயசம், மாங்காய் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வணக்கம் சொன்னேன். செவ்வாய் என்றார். இன்று உண்மையிலேயே செவ்வாய்க்கிழமை, அதனால் எல்லாரும் கைதட்டினோம். அவர் கட்டிலின் சட்டத்தில் இடது கையால் ஓங்கி அடித்தார்.

ஏப்ரல் 22

ஒரு முழு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டேன். ‘பிரவுனின் வீட்டுக்குக் கீழே இறங்கு.’ பிரவுன் என்பது பெரிய எழுத்தில் தொடங்குகிறது, ஆகவே ஓர் ஆள் என்று ஒரு கட்சி. நான் எப்போதும் மீன் கட்சி. பிரவுன் டிரவுட், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து இந்த ஆறுகளில் விட்ட மீன். ஃபென் பையனாக இருந்தபோது கோடைக்குக் கோடை குடும்பத்தோடு வந்து இறங்கிய இடம் அதே பூங்காவின் மேற்கு வாயில் ஊர். தூண்டில் பைத்தியம். அவர் எந்த ஆற்றை மனதில் வைத்து எழுதியிருப்பார்? கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மேடிசனில் அந்த மீன் தங்கும் வளைவுகளை ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன். ஐந்து வளைவுகள். அவற்றில் ஒன்றில் கரையிலிருந்து பார்த்தால் ஆறு ‘ந’ மாதிரி மடிகிறது. இடத்தை இதில் எழுதமாட்டேன்.

அலுவலகக் கூட்டத்தில் என் பெயரை மூன்று முறை அழைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 23

வரிகள் இருபத்துநான்கு, குறிப்புகள் ஒன்பது. எந்த வரிகள் அந்த ஒன்பது என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. இருநூறு அடி தூரம் வரைக்கும் ஆட்கள் வந்து, தெரியாமலே தாண்டிப் போய்விட்டார்கள் என்கிறார். இருநூறு அடி! எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம்கூட அதைவிட அதிகம் இருக்கும். இதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வேண்டுமென்றே இதைச் சொல்லியிருக்கிறார், கிழவர்.

மே 2

விமானம் கிடையாது. கிடைத்தாலும்? என் விசா முத்திரை காலாவதி. ஊருக்குப் போனால் தூதரகம் திறந்து நேர்காணலுக்குத் தேதி கிடைக்கும்வரை திரும்ப முடியாது. வேலை போகும், வேலை போனால் அறுபது நாளில் அவளும் மூட்டை கட்ட வேண்டும். போகாமல் இருந்தால்.

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

மே 3

சின்ன வயதில் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா விடுகதை போடுவார். விடையை மறுநாள் காலையில்தான் சொல்வார். ‘ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள் வரமாட்டான்.’ செருப்பு என்று எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சொன்னால் விளையாட்டு முடிந்துவிடுமே என்று காலைவரை பேசாமல் இருந்தேன். காலையில் அக்கா முந்திக்கொண்டாள்.

மே 9

அமெரிக்காவிலிருந்து முதல் சிறப்பு விமானங்கள் புறப்படுகின்றன. பதிவுப் படிவத்தைத் திறந்தேன். ‘பயணத்தின் காரணம்’ என்ற கட்டம் வரை நிரப்பினேன்.

மே 11

சிவப்பு வாய். செவ்வாய், செம்மை வாய். சமையலறையில் சிவப்பு மூடி போட்ட டப்பா எத்தனை என்று அம்மாவிடம் கேட்டேன். கடுகு, பெருங்காயம், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அம்மா பொறுமையாகக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு, “தம்பி, நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் அவள் கேட்டால் நான் ஏதோ தவறு செய்கிறேன் என்று பொருள்.

மே 18

வயோமிங் பக்கத்து வாயில்கள் இரண்டும் திறந்துவிட்டன! தெற்கும் கிழக்கும். என்னுடைய மேற்கு வாயில் மொன்டானா கணக்கு, அது இன்னும் மூடித்தான் இருக்கிறது. தெற்கிலிருந்து சுற்றிப் போகலாம். போனால் இரவு எங்கே தங்குவது? பிப்ரவரியில் வாங்கிய முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இன்னும் விலைச்சீட்டுடன் கிடக்கிறது.

மே 19

கிராமங்களில் முடிதிருத்தும் கடைகளைத் திறக்கலாம் என்று அரசு சொல்லிவிட்டதாம். உத்தரவு செவ்வாய்க்கிழமை முதல் என்பதால் எங்கள் ஊர்க் கடைக்காரர் புதன்தான் வருவேன் என்றாராம். வழக்கத்தை மாற்ற முடியாது. அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா சிரித்துப் பல நாளாகிறது.

மே 20

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் முகக்கவசத்தோடு வந்து, திண்ணையில் நாற்காலி போட்டு, அப்பாவுக்குச் சவரம் செய்தார். இரண்டு மாதத் தாடி. அம்மா கைபேசியைத் தூணில் சாய்த்து வைத்ததால் இந்த முறை முழுவதும் தெரிந்தது. கத்தி கன்னத்தில் இறங்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பேசாத வலது பக்க உதடு சற்றுக் கீழே இழுத்தபடியே இருந்தது. கடைக்காரர் அதை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் மழித்தார். முடிந்ததும் படிகாரம் தேய்த்தார். அப்பா இடது கையால் கன்னத்தைத் தடவி, தடவி, தாடை வரைக்கும் போய், மறுபடியும் கன்னத்துக்கு வந்து, பெருமூச்சு விட்டார்.

“இதைத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறார்” என்றாள் அம்மா.

செவ்வாய். கடை விடுமுறை நாள். முகம் மழிக்கக் கூடாத நாள். சவரம் என்று சொல்லப் போய் அதன் பக்கத்தில் இருந்த சொல்லை எடுத்திருக்கிறார். அந்த அழைப்புகளில் எல்லாம் அவர் தாடையைச் சொறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், நான்தான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அம்மாவைக் கேட்டேன். போன வாரமே சந்தேகம் வந்ததாம். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை? “நீதான் மும்முரமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாயே.”

மே 21

இன்று செவ்வாய் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லையாம்.

மே 25

1988இல் ஃபென்னுக்குச் சிறுநீரகப் புற்றுநோய். பிழைப்பது கடினம் என்றிருக்கிறார்கள். புதையல் யோசனை அப்போதுதான் பிறந்தது: பெட்டியையும் கொண்டுபோய், அதன் பக்கத்திலேயே படுத்துச் செத்துவிடுவது. பிழைத்துக்கொண்டார். இருபது வருடம் கழித்துத்தான் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்தார். அப்படியானால் அது அவர் சாகத் தேர்ந்தெடுத்த இடம். தூண்டில் போட வசதியான இடம் என்பதல்ல கேள்வி. எண்பது வயதுக் கிழவர் எங்கே படுக்க விரும்புவார்?

என்னுடைய வளைவு இதற்குப் பொருந்துகிறது. நிழல் இருக்கிறது. இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

மே 28

தச்சர் வந்து பீரோவை உடைத்துத் திறந்தார். எல்லாம் பத்திரமாக இருக்கிறது. சாவி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

ஜூன் 1

மேற்கு வாயில் திறந்தாயிற்று. மொன்டானாவில் வெளிமாநிலத்தவருக்கு இருந்த பதினான்கு நாள் தனிமையும் இன்றோடு இல்லை. சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணி. பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். அவள் வரவில்லை என்றாள். புளிசாதம் கட்டித் தருகிறாளாம்.

ஜூன் 5

வண்டியில்: தண்ணீர் இரண்டு கேன், கரடி மிரட்டும் தெளிப்பான், பூட்ஸ், வரைபடம் (திருத்தி மடித்தது), கைவிளக்கு. மண்வெட்டி இல்லை. பூங்காவுக்குள் தோண்டக் கூடாது. தோண்டவும் மாட்டேன், பார்க்கத்தான் போகிறேன்.

ஜூன் 7

முந்நூறு கெஜத்துக்கு மேல் பூட்ஸுக்குள் நீர் புகுந்துவிட்டது. பனி உருகி ஆறு புரண்டு ஓடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் ‘ந’ மாதிரி இருந்த வளைவு நேரில் அப்படித் தெரியவில்லை, சாதாரண வளைவு. தடி போன்ற லாட்ஜ்போல் பைன்கள், பாதி விழுந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பார்த்தேன். மொத்தம் நாற்பத்தொரு மரங்கள். எதிர்க்கரையில் ஒரு காட்டெருமை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுமே கிடைக்கவில்லை, ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு இவ்வளவு நிம்மதியாக ஒரு நாள் எனக்குப் போகவில்லை. உள்ளே கைபேசிக்கு உயிரே இல்லை.

மாலை வாயிலைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் உயிர் வந்தது. இருக்கையில் கிடந்த கைபேசி நிறுத்தாமல் அதிர்ந்தது. பத்தொன்பது செய்திகள். வண்டியை ஓரம் கட்டினேன். கை நடுங்கியதில் பூட்டைத் திறக்க முடியவில்லை, எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். அப்பா, அப்பா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாமே தேடும் நண்பர்களிடமிருந்து. கண்டெடுத்துவிட்டார்களாம். கிழக்குப் பக்கத்திலிருந்து வந்த யாரோ ஓர் ஆளாம், பெயர் வெளியிடவில்லை. ராக்கி மலைக்காட்டில், விண்மீன்களுக்கு அடியில், வைத்த இடத்திலேயே இருந்ததாம். அவ்வளவுதான் ஃபென் சொல்லியிருக்கிறார். எந்த மாநிலம் என்றுகூடச் சொல்லவில்லை.

பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தேன். சத்தமாகத்தான். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மீதிப் புளிசாதத்தைச் சாப்பிட்டேன், அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை. அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாடி மறுபடியும் முளைத்திருக்கிறது.

ஜூன் 8

திரும்பும் வழியெல்லாம்: எந்த மாநிலம்?

ஜூன் 10

புதுச் சொல். “படகு.” காலையில் இரண்டு முறை, மாலையில் ஒரு முறை. வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். இடது கை கட்டிலின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கட்டிலைச் சொல்கிறாரா, இறக்கிவிடச் சொல்கிறாரா? கும்பகோணத்தில் மகாமகக் குளத்தில் ஒரு முறை என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார், அப்போது படகு ஏதும் இல்லை. அம்மா உள்ளே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் கைபேசியை மறுபடியும் தூணில் சாய்த்து வைத்தால் கால் பக்கமும் தெரியும், அப்போது