கையைத் தூக்காத ஒரு பிள்ளை

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். பரீட்சை முடிந்தால் மறந்துவிடும். அதனால் போன வருஷம் நடிக்கவே வைத்தேன்.

வகுப்பில் 36 பேர். ஒருவன் பாதிரியார், ஒருத்தி பிரபு, மிச்சம் 34 பேரும் மூன்றாம் பிரிவு, அதாவது சாதாரண ஜனங்கள். உண்மைக் கணக்கு இதைவிட மோசம்: பிரான்சில் நூற்றுக்கு 98 பேர் அந்தப் பிரிவுதான். வரிச்சுமையும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். உப்பு வரி என்றதும் ஒரு பையன், "வேதாரண்யம் மாதிரியா டீச்சர்?" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரிவுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். "நாங்கதான டீச்சர் நெறைய பேரு?" என்று ஒரே கூச்சல். 1789 மே மாதம் வெர்சேயில் ராஜா கூட்டிய மூன்று பிரிவுகளின் சபையில் எழுந்த சண்டையும் இதுதான், தலைக்கு ஒரு ஓட்டா, பிரிவுக்கு ஒரு ஓட்டா என்று.

அப்புறம் ஜூன் 20. சபை மண்டபம் பூட்டிக் கிடந்ததால் பிரதிநிதிகள் பக்கத்து டென்னிஸ் கூடத்தில் கூடிச் சபதம் எடுத்தார்கள். நானும் வகுப்பறையைப் பூட்டினேன். வெளியே தூறல். எதிர்வீட்டு ஆச்சியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்; மூன்றாம் பிரிவு 34 பேரும் அந்தத் திண்ணைக்கு ஓடினார்கள். அரசியலமைப்பு எழுதும்வரை பிரியமாட்டோம் என்று கை தூக்க வேண்டும். 33 கைகள் உயர்ந்தன. ஒருத்தி மட்டும் தேக்குத் தூணை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"ராஜா ஒத்துக்காம நாமளா எழுதுனா செல்லுமா டீச்சர்?"

"துரோகி" என்றான் வேதாரண்யம் சொன்ன அதே பையன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றும் ஒருவர் இருந்தார், மார்ட்டின் டோஷ். இதே காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தார். நேரம் போதாதென்று நான் அவரை நாடகத்திலிருந்து விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. திண்ணையிலேயே உட்கார்ந்து அவர் கதையைச் சொன்னேன். மற்றவர்கள் அவர்மேல் பாய்ந்ததையும், தலைமை வகித்த பெய்லி அவர் மறுப்பைப் பதிவுசெய்ய வைத்ததையும், ஓவியர் டாவிட் அந்தக் காட்சியை வரைந்தபோது அவரை மட்டும் கைகளை மார்போடு கட்டி உட்கார வைத்ததையும்.

"அப்ப அவரு பேரும் அந்தச் சபதத் தாள்ல இருக்கா?"

"இருக்கு. பக்கத்துல எதிர்க்கிறேன்னு எழுதியிருக்கார்."

அந்தப் பையன்தான் எங்கள் சபதம் எழுதிய சார்ட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். அவள் பெயரை எழுதி, கீழே 'சம்மதம் இல்லை' என்று எழுதி முடிக்கும்வரை, சாரல் படாமல் பரீட்சை அட்டையை மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.