பிரெஞ்சு வினைச்சொல்லைக் காதால் வெட்டுங்கள்

பிரெஞ்சு படிக்கிறவர்களில் பாதிப் பேர் வினைச்சொல் அட்டவணையைக் கரைத்துக் குடித்துவிட்டு, வாயைத் திறந்ததும் திணறுவார்கள். கண்ணில் படுகிற எழுத்தை வைத்து அசை பிரித்தால் வேறென்ன ஆகும்? 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு 'இல் பார்ல்'. எழுதினால் கடைசியில் ஈ, என், டி என்று மூன்று எழுத்து நிற்கும், ஒன்றுக்கும் ஒலி கிடையாது. 'அவன் பேசுகிறான்' என்பதும் அதே 'இல் பார்ல்'தான். கேள்வியாகத் திருப்பிப் போட்டால் மட்டும் செத்துக் கிடந்த டி எழுந்து 'பார்ல்-தில்' ஆகும். சரி, இப்போதாவது பன்மை தெரிகிறதே என்று பார்த்தால், ஒருமையிலும் நடுவில் ஒரு டி-யைச் செருகி அதையும் 'பார்ல்-தில்' ஆக்கிவிடுவார்கள்!

'அவர்கள் இருந்திருப்பார்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து 14, அசை ஐந்துதான்: இல்-ஸோ-ரே-தே-தே. முதல் சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு போய் ஒட்டிக்கொள்கிறது, நாம் 'பால் இல்லை' என்பதைப் பா-லில்-லை என்று சொல்வதுபோல. கடைசி இணைப்பைச் சாதாரணப் பேச்சில் விட்டுவிடலாம், ஆனால் அந்த 'ஸோ' கட்டாயம், அதுவும் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி அதிர வேண்டும். நிகழ்காலத்தில் 'இல் ஸோன்' என்னும்போது அது அதிராமல் வெறும் காற்றாக வந்தால், 'வைத்திருக்கிறார்கள்' என்பது 'இருக்கிறார்கள்' ஆகிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே ஸ-வை எழுதித் தொலைப்பதால் நமக்கு இது எளிதில் பிடிபடாது.

அப்புறம் நடுவில் வரும் ஊமை ஈ. 'கொடுப்பாள்' என்பது டொன்-ரா, இரண்டே அசை, ஈ காணாமல் போய்விடும். 'பேசுவாள்' மட்டும் பார்-ல-ரா. அங்கே ஈ-யை விழுங்கினால் ர், ல், ர் மூன்றும் நெருக்கியடித்து நிற்கும், நாக்கு ஒத்துக்கொள்ளாது. மோரிஸ் கிராமோன் என்ற மொழியியலாளர் இதை மூன்று மெய் விதி என்றார். எல்லா இடத்திலும் பொருந்தாது என்றாலும் எதிர்கால வினைகளுக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

இதே நெருக்கடிதான் 'நாங்கள் இருப்போம்', 'நாங்கள் விரும்புவோம்' என்ற நிபந்தனை வடிவங்களிலும். விகுதி ஒன்றேதான், ஆனால் முன்னது ஸ-ர்யோன், இரண்டு அசை. பின்னதில் ட்ர் முன்னால் நிற்பதால் வூ-ட்ரி-யோன் என்று மூன்றாக விரியும்.

'செய்கிறோம்' மட்டும் தனி ரகம். எழுத்தில் ஏ, ஐ இரண்டும் இருக்கும், 'ஃபே' என்று சொல்லத்தான் நாக்கு போகும், ஒலியோ ஃப-ஸோன். அதற்கு விதி தேடிக்கொண்டிருக்காமல் அப்படியே நெட்டுருப் போட்டுவிடுங்கள்.