தானாக வந்த செடிகள்

சுரங்க வேலை முடிந்து மண் நிரப்பிய நிலத்தில் செடிகொடி எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நெய்வேலிப் பக்கம்தான் அதிகம் அலைந்திருக்கிறேன். "மரத்தை எண்ணணும், அவ்வளவுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் கனத்துக்கு மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. ராட்சதச் சக்கர இயந்திரம் அதை வெட்டிக் கன்வேயர் பெல்ட்டில் தள்ள, கரி எடுத்து முடித்த பள்ளத்தில் ஸ்பிரெடர் என்ற பரப்பும் இயந்திரம் கொட்டுகிறது. இப்படி நிரம்பும்போது, வெயிலே காணாமல் ஆழத்தில் கிடந்தது மேலே வந்துவிடும். அதில் மட்கு கிடையாது, தழைச்சத்தும் பேருக்குத்தான். கரியை ஒட்டிய அடுக்குகளில் கந்தகத் தாது இருந்தால், காற்றும் மழையும் பட்டு அமிலம் ஊறும். கனரக வண்டிகள் ஓடி இறுகிய இடத்தில் வேர் இறங்கத் திணறும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பரப்பிய இடமா இல்லையா என்பதைச் சில வருடம் கழித்துப் போனாலும் செடிகளை வைத்தே சொல்லிவிடலாம்.

நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற விழுக்காட்டைத்தான் அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவார்கள். எனக்கு அந்த எண்ணின் மேல் பெரிய மரியாதை கிடையாது. டேங்கரில் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, காவலுக்கு ஆள் வைத்தால் கன்று பிழைக்கத்தான் செய்யும். ஊற்றுவதை நிறுத்திய பிறகு வரும் இரண்டு சித்திரையைத் தாண்டுமா என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் 1977-இல் வந்த சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கடைசியாக விதைத்து, உரமிட்டு, நீர் பாய்ச்சிய ஆண்டு முடிந்த பிறகுதான் அங்கே கணக்கே தொடங்கும். அதிலிருந்து 5 ஆண்டுகள் சுரங்கக்காரர் பொறுப்பு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பகுதியென்றால் 10 ஆண்டுகள்.

அப்புறம் செயற்கைக்கோள் படம். செண்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துப் பசுமைக் குறியீடு போடலாம். பெரிய பரப்பில் எங்கே மொட்டையாகக் கிடக்கிறது, எங்கே மழைநீர் அரித்து ஓடை விழுந்திருக்கிறது என்று பார்க்க இது அருமையான வசதி. ஆனால் பச்சையாகத் தெரிவது முந்திரியா சீமைக்கருவேலமா என்று அந்தக் குறியீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தைல மரத் தோப்பும் அதில் நல்ல பச்சைதான். உள்ளே போய்ப் பார்த்தால் காய்ந்த சருகு மெத்தையாய்க் கிடக்கும், அடியில் ஒன்றும் முளைத்திருக்காது.

அதனால் மரத்தை 10 மீட்டர் சதுரத்தில் எண்ணி, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அளந்து முடித்த கையோடு, ஒரு மீட்டர் சதுரச் சட்டகத்தைத் தரையில் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் இதற்குத் தோதான சமயம். நடாமல் வந்தது எது என்பதுதான் அங்கே கேள்வி. கொழுஞ்சி இருந்தால் எனக்குப் பாதி சந்தோஷம். ஒன்றை மெதுவாகப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மண்புழு எச்சக் குவியல், பாதி மட்கிய இலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். வேப்பங்கன்றுகள் பெரும்பாலும் நட்ட குழி வரிசையில் இருக்காது. மின்கம்பிக்கு நேர் கீழே கோடு போட்டது மாதிரி நிற்கும். மேலே உட்கார்ந்த காக்கையும் மைனாவும் போட்டது.

ஒருமுறை அங்கே ஆடு மேய்த்த ஓர் அம்மா, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆடு வாய் வைக்காததுதான் தம்பி இங்க நிக்குது. மத்ததெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றார். அதன் பிறகு வேலி போட்ட துண்டு ஒன்றும் போடாத துண்டு ஒன்றுமாகச் சேர்த்தே பார்க்கிறேன். எருக்கும் ஆவாரையும் மட்டும் மண்டிக் கிடந்தால் மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது.

எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் எனக்கு இன்னும் தீர்வில்லை. கடலோர மாவட்டங்களில் மிஞ்சியிருக்கும் கோயில் காடுகளில் வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும் இருக்கின்றன. இந்தப் பகுதியின் இயற்கையான காடு அதுதான் என்பதால் பாடப்புத்தகம் அதைக் காட்டும். ஆனால் சுரங்கம் வருவதற்கு முன் இங்கே பெரும்பாலும் முந்திரித் தோப்பும் மணிலாக்கொட்டையும் கம்பும்தான். நிலம் கொடுத்தவர்களிடம் கேட்டால், வீரை மரம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. முந்திரி காய்க்குதா, கிணறு ஊறுதா என்பார்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கும் ஊரில் இரண்டாவது கேள்வி லேசானதல்ல. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இப்போதைக்குக் காட்டுக்கு ஒன்று, தோப்புக்கு ஒன்று என்று இரண்டு ஒப்பீட்டு அட்டவணை போட்டு, கிணற்று நீர்மட்டத்தைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக் கொடுக்கிறேன். "எது சார் இறுதி மதிப்பெண்?" என்று கேட்டு அறிக்கை திரும்பி வரும். இரண்டையும் அப்படியே வைத்துத்தான் மறுபடி அனுப்புகிறேன்.