0.10 மில்லிமீட்டருக்காக நான்கு நாள்

உப்புவெளி வீட்டு மாமரத்தடியில், நான்கு நாளில் ஏழு தடவை என் ஹைலக்ஸ் பிக்கப்பின் டிஃபரன்சலை, அதாவது எஞ்சின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியை, பூட்டிக் கழற்றியிருக்கிறேன். அதில் பாதி என் பிடிவாதத்துக்கான தண்டனை.

அக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அமைதி. பெயரிங்தான் போயிருக்கும் என்று திறந்தால் பல்லும் போயிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த கிரவுன் வீலும் (பெரிய பற்சக்கரம்) அதைச் சுழற்றும் சின்னப் பினியனும் எடுப்பித்தேன். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது. அவை சோடியாகவே செய்யப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது.

பினியன் தலைக்கும் உள் பெயரிங்குக்கும் நடுவே ஒரு வாஷர் உண்டு. அதன் தடிப்பு கூடினால் பினியன் கிரவுன் வீலை நெருங்கும், குறைந்தால் விலகும். பழைய சோடிக்குரிய 1.78 மி.மீ. வாஷரையே யோசிக்காமல் போட்டேன். மஞ்சள் பெயின்டை எண்ணெயில் குழைத்துப் பற்களில் பூசி, கிரவுன் வீலைத் துணியால் இறுக்கிப் பிடித்தபடி பினியனைச் சுற்றினேன். பற்கள் தொடும் இடத்தைக் காட்டும் பதிவு, பல்லின் நடுவில் விழாமல் உச்சி விளிம்பிலேயே விழுந்தது.

பக்க நட்டுகளைத் திருகிக் கிரவுன் வீலை நகர்த்தினால் போதும் என்று நம்பியதில் இரண்டு நாள் போனது. பதிவு நகர்ந்தது, ஆனால் பெரும்பாலும் பல்லின் நீளவாட்டில். உச்சியை விட்டு இறங்கவில்லை. பக்கத்து வளவில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா வேலியால் எட்டிப் பார்த்தார். "தம்பி, நிலை கோணல். நீர் கதவைச் செதுக்கிக்கொண்டிருக்கிறீர்" என்றார். பிழை பினியன் நிற்கும் ஆழத்தில், நான் திருகுவதோ கிரவுன் வீலை என்பதுதான் அதன் பொருள்.

அவரே ஒரு வழியும் சொன்னார். பழைய பெயரிங்கின் உள்துளையை எமரித் தாளால் சற்றுப் பெருப்பித்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் அழுத்தி ஏற்றி இறக்கும் பாடு இல்லை. கையாலேயே வாஷரை மாற்றலாம். அவருடைய பிஸ்கட் டின்னிலிருந்து 1.98 மி.மீ. வாஷர் கிடைத்தது. தடிப்பு கூடியதும் பல்லிடை இடைவெளி சுருங்கியது. பக்க நட்டுகளைத் திருகி, டயல் கேஜ் வைத்து அளந்து, அதை மீண்டும் 0.13க்கும் 0.18 மி.மீ.க்கும் இடையில் கொண்டுவந்தேன். இப்போது பதிவு பல்லின் அடியில்.

ஆக, வேண்டியது நடு. 1.88க்கு எங்கே போவது? கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாளை நனைத்து ஒட்டி, வாஷரை எட்டு வடிவில் தேய்க்கத் தொடங்கினேன். பத்து நிமிடத்துக்கொரு தடவை நான்கு இடத்தில் மைக்ரோமீட்டர். கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்ட, கழுவிக் கழுவித் தேய்த்ததில் ஒரு பிற்பகல் முழுவதும் போய், விரல் நுனிகள் மரத்துவிட்டன.

பூசிச் சுற்றினேன். பல்லின் நடுவில், முட்டை வடிவில், ஓரமெல்லாம் மஞ்சள் மிச்சமிருக்க ஒரு சுத்தமான பதிவு. புதிய பெயரிங்கை ஏற்றிய பிறகும் அதே இடம்.

கடைசியாக நசுங்கு குழாய். பினியனின் இரண்டு பெயரிங்குகளுக்கும் நடுவே இருந்து, நட்டை இறுக்க இறுக்க நசுங்கி, பெயரிங்கின் இறுக்கத்தைச் சரியாக வைப்பது அது. அதை இத்தனை சோதனைக்கும் போடவில்லை. ஒருமுறை கூடுதலாக நசுங்கினால் புதிதுதான் வாங்க வேண்டும். மச்சான் பினியன் முனையிலுள்ள ஃபிளாஞ்சைப் பிடிக்க, நான் ஸ்பானரில் நீளக் குழாய் கொளுவி மயிரிழை மயிரிழையாக இறுக்கினேன்.

கந்தளாய் வரை ஓடிப் பார்த்தோம். 60 கி.மீ. வேகத்தில் மிதித்தும் விட்டும் காது கொடுத்தேன். பின்பெட்டிக் கதவின் கொக்கி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாளும் அது ஊளைக்குள் மறைந்திருந்திருக்கிறது.