கைப்பையில் அடங்கும் 40எக்ஸ் ஜூம்: பறவைக்கும் நிலாவுக்கும் எவ்வளவு தாங்குகிறது?

பள்ளிக்கரணையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகவே தெரியும். சென்னையில், 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சதுப்பு நிலம் அது. ரோட்டோரம் நின்றாலே நீலத்தாழைக்கோழியும் நெடுங்கால் உள்ளானும் கண்ணில் படும். ஆனால் உள்ளே இறங்கி நடக்க வழியில்லை. பறவை எங்கே உட்காருகிறதோ, அந்தத் தூரத்திலிருந்துதான் படம். போன் கேமராவில் எடுத்தால் கோரைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி மிஞ்சும். பெரிய டெலி லென்ஸைத் தூக்கிக்கொண்டு காலை நேரத்து டவுன் பஸ்ஸில் ஏற எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 ஹெச்எஸ் வாங்கினேன்.

2018-ல் வந்த மாடல். எடை 299 கிராம். அந்தச் சின்ன உடம்புக்குள் 24-லிருந்து 960 எம்எம் வரை, அதாவது 40 மடங்கு, போகிற லென்ஸை அடக்கியிருக்கிறார்கள். சென்சார் 20 மெகாபிக்ஸல், அளவு 1/2.3 இன்ச். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, டச் ஸ்கிரீன் கிடையாது, சென்சார் பதித்ததை அப்படியே தரும் ரா ஃபைலும் எடுக்காது. கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும்தான்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கிற கேமரா. வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும் காலைப் பொழுதில் கொடுத்த காசுக்கு மேலேயே தருகிறது. மேகம் மூடினாலோ, பறவை மரநிழலில் போய் உட்கார்ந்தாலோ, அதே கேமரா பாதியாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டு பழகியபின் இதன் மேல் எனக்கு நிஜமான பிரியமே வந்துவிட்டது.

எதற்குப் பயன்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம். குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் வகைகளில் வுட் சாண்ட்பைப்பரையும் கிரீன் சாண்ட்பைப்பரையும் பிரித்தறிவது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டுக்கும் மேல்பக்கம் பழுப்பு, இரண்டும் சேற்றில் தலையை ஆட்டிக்கொண்டே திரியும். புருவத்தைப் பார்க்க வேண்டும். வுட் சாண்ட்பைப்பருக்கு வெள்ளைப் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், கிரீனுக்குக் கண்ணோடு நின்றுவிடும். பைனாகுலரில் பார்க்கும்போது பறவை நிமிரும், குனியும், அதற்குள் சந்தேகம் வந்துவிடும். முழு ஜூமில் வரிசையாகப் பத்துப் படம் எடுத்து, வரப்பில் உட்கார்ந்து ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு கண்ணுக்குப் பின்னால் தெளிவாக நீண்டிருந்தது, முதுகில் வெளிர்ப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. வுட்தான். இந்த மாதிரி ஒரு உறுதி கிடைப்பதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 960 எம்எம் என்பது ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது பழைய ஃபிலிம் அளவிலான பெரிய சென்சாருக்கு, ஈடான எண். லென்ஸின் நிஜமான குவியத் தூரம் 172 எம்எம். முழு ஜூமில் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப் 6.9. அந்த அபெர்ச்சரில் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாது, ஒளிச் சிதறலால் சுமார் 9 மைக்ரான் அகல வட்டமாகப் பரவும். இந்த சென்சாரில் ஒரு பிக்ஸலின் அகலம் 1.2 மைக்ரான்தான். அதாவது லென்ஸ் எவ்வளவு நன்றாகக் கடையப்பட்டிருந்தாலும் முழு ஜூமில் 20 மெகாபிக்ஸலுக்கான விவரம் வந்து சேரவே சேராது. படத்தை நீள அகலத்தில் பாதியாகச் சுருக்கிப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், 100 சதவீதத்தில் பார்த்தால் வாட்டர்கலர் மாதிரி இறகெல்லாம் குழைந்திருக்கும். சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் முப்பதில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றினால் படத்தில் இரைச்சல் (பொரிப்பொரியான புள்ளிகள்) கிளம்புவதும், அதைத் துடைக்கப்போய் கேமரா இறகையும் சேர்த்துத் துடைத்துவிடுவதும் அதனால்தான். ரா இருந்தால் இந்தத் துடைப்பை நம் கைக்குள் வைத்திருக்கலாம். இந்த கேமராவில் எனக்குள்ள பெரிய மனக்குறை அது ஒன்றே.

நல்ல வெயிலில் எஃப் 6.9, ஐஎஸ்ஓ 200 என்றால் 1/1000 நொடி ஷட்டர் கிடைக்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது தாராளம். நிழலுக்குப் போனால் ஷட்டரை 1/250-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பறவை தலையைத் திருப்பினால் அதற்கு மருந்தில்லை. அதற்காகத்தான் வரிசையாகச் சுடுவது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் கால் கிலோ அரிசி போட்ட துணிப்பையை வைத்து, அதன் மேல் கேமராவை அமுக்கி வைத்தால் கிடைக்கும் பலன் ஆச்சரியமானது. கொக்கு, நாரை மாதிரி வெள்ளைப் பறவைகளுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் இறகில் ஒரு வரி கூட மிஞ்சாது.

வெயில் ஏறியபின் தொல்லை வேறு மாதிரி. பத்து மணிக்கு மேல் தண்ணீர்ப்பரப்பின் மேல் காற்று அலையடிக்கத் தொடங்கிவிடும். தூரத்தில் நிற்கும் பூநாரைக் கூட்டம் நெளியும். இதற்கு எந்த கேமராவாலும் பதில் சொல்ல முடியாது, ஒரு லட்ச ரூபாய் லென்ஸும் அதே நெளிசலைத்தான் எடுக்கும். முப்பது நாற்பது மீட்டருக்குள் வருகிற பறவையை மட்டும் அந்த நேரத்தில் எடுக்கிறேன். முப்பது மீட்டரில் உட்கார்ந்த வெண்மார்பு மீன்கொத்தி முழு ஜூமில் படத்தின் கால்பங்கு நீளத்துக்கு மேல் நிறைந்து வரும்.

வியூஃபைண்டர் இல்லாதது வெயிலில்தான் உறைக்கும். திரையில் நம் முகம்தான் தெரிகிறது. பிரகாசத்தை முழுதாக ஏற்றி, தொப்பி விளிம்பின் நிழலில் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று: வெள்ளெழுத்து வந்துவிட்டால் திரையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், பறவையைப் பார்க்க அதைக் கழற்ற வேண்டும். கடையில் பார்க்கும்போது இது தோன்றாது. கண்ணாடி போடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் கடை வாசலுக்கு, வெயிலுக்கு, கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது.

முழு ஜூமில் பறவை ஃபிரேமை விட்டு ஓடிவிட்டால் தேடுவது கஷ்டம். அதற்கென்றே ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார்கள். அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், பறவையைக் கண்டுபிடித்து நடுவில் வைத்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே போய்விடும். பஞ்சுருட்டான் ஒரே கம்பிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் என்பதால், அதை வைத்து இந்தப் பட்டனைப் பழகலாம். பறக்கும் பறவையை நான் விட்டுவிட்டேன். ஃபோகஸ் அந்த வேகத்துக்கு வராது. கோரைக்குள் இருக்கும் பறவையிலும் ஃபோகஸ் முன்னால் நிற்கும் தண்டைத்தான் பிடிக்கும். அதே தூரத்தில் தடையில்லாத ஒரு கட்டையைக் குறிவைத்துப் பாதி அழுத்தி, அப்படியே பறவைக்குத் திருப்பினால் பெரும்பாலும் சரியாக வருகிறது.

பேட்டரி முழு சார்ஜில் 265 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஜூமை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அவ்வளவு வராது. ஒரு உபரி பேட்டரி கட்டாயம்.

மொட்டை மாடியில் இது வேறு கேமரா. நிலாவுக்கு வெளிச்சப் பஞ்சமே இல்லை, அதனால் இந்தச் சின்ன சென்சாரின் பலவீனம் அங்கே தெரிவதில்லை. முழு ஜூமில் நிலா படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும், விட்டம் ஏறக்குறைய 1300 பிக்ஸல். பௌர்ணமி நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100-ல் 1/250, பாதி நிலாவுக்கு 1/60 போதும். ஆட்டோவில் விட்டால் நிலா வெறும் வெள்ளைத் தட்டாகிவிடும். பௌர்ணமியில் டைக்கோ என்னும் பள்ளத்திலிருந்து பரவும் வெளிர்க் கதிர்கள் தவிர மேடுபள்ளம் எதுவும் எடுபடாது. வளர்பிறை எட்டாம் ஒன்பதாம் நாள்தான் விருந்து: வெளிச்சமும் இருளும் சேரும் விளிம்பில் கிளேவியஸ் பள்ளம் வாய் திறந்து கிடக்கும், 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோபர்னிகஸின் விளிம்புச் சுவர் நிழலோடு எழுந்து நிற்கும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் திரையில் இதைப் பார்த்துவிட்டு, நெட்டில் எடுத்த படமா அங்கிள் என்று கேட்டார்கள். அவர்கள் கையிலேயே ஷட்டரைக் கொடுத்தேன்.

வேறென்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலில் சென்சார் நான்கு மடங்கு பெரியது, எட்டிப்பார்க்கும் வியூஃபைண்டரும் உண்டு, கல்யாண வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் அருமை. ஆனால் ஜூம் 200 எம்எம்மில் நின்றுவிடும், பள்ளிக்கரணைக்கு அது பற்றாது. நிகான் பி1000, 3000 எம்எம் வரை போகும், எடை 1.4 கிலோ. அதைத் தூக்குகிறவர் வேறு ஆள். 24 எம்எம்மில் எடுக்கும் சாதாரணப் படத்துக்கு நல்ல போனே இதைவிட மேல். நான் அதற்கு இதை வெளியே எடுப்பதே இல்லை.

பழையது வாங்கினால் ஒரு சோதனை போதும். முழு ஜூமில் அபெர்ச்சரை எஃப் 8-க்குக் குறைத்து வெறும் வானத்தைப் படமெடுங்கள். சாம்பல் நிற வட்டங்கள் தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. நீண்டு சுருங்கும் லென்ஸ் காற்றோடு தூசியையும் இழுக்கும், வீட்டில் துடைக்க வழியில்லை.

இப்போது வியாழனைப் பிடித்திருக்கிறேன். ஸ்டாண்டில் வைத்து, ஃபோகஸை மேனுவலில் சரிசெய்து, ஐஎஸ்ஓ 800, கால் நொடி, 2 நொடி டைமர். கால் நொடிக்கு மேல் ஷட்டரை நீட்டினால் பூமி சுழல்வதால் புள்ளி கோடாகிவிடும். வியாழன் வெளிறிப்போனாலும் பக்கத்தில் நிலாக்கள் வரிசையாக விழுகின்றன. அவற்றில் ஐஓ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். வியாழனுக்கு அருகில் இருக்கும் நேரம் பார்த்து இரண்டு மணி நேர இடைவெளியில் இரு படம் எடுத்தால், அது நகர்ந்தது இருபது பிக்ஸலுக்கு மேல் தெரிய வேண்டும். மேகம் விலகியதும் அதைத்தான் எடுத்துப் பார்க்கப்போகிறேன்.