விலை தெரிந்த பொருள், விலை தெரியாத பொருள்

1999ஆம் ஆண்டு மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில், வரைபடத்தில் லெபோ பாசார் என்றும் நம்மவர் வாயில் கடைத்தெரு என்றும் வழங்கும் வீதியில், ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே முதலாளி ஒரு பழைய கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து, கடையிலுள்ள பொருட்கள் அனைத்தையும் இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதச் சொன்னார். வாடிக்கையாளருக்கு விலை மனப்பாடமாகத் தெரிந்த பொருட்கள் ஒன்றில். நாம் சொன்னால்தான் விலை தெரியவரும் பொருட்கள் மற்றொன்றில். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அரிசி, சீனி, சமையல் எண்ணெய், கோதுமை மாவு, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, தேங்காய், முட்டை, டின் பால் என்று முதல் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. கடுகு, வெந்தயம், சோம்பு, பெருங்காயம், மிளகு, கிராம்பு, ஏலக்காய், அப்பளம், சாம்பிராணி என்று இரண்டாவது பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்த முதலாளி, "முதல் பட்டியலில் பத்துக் காசு கூட்டினாலும் அந்த அம்மா அடுத்த கடைக்குப் போய்விடுவார். போகிறவர் கடுகையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். இந்த அரைப் பக்கத்தில் லாபத்தைத் தேடாதே" என்றார்.

இந்தத் தொழிலில் 25 ஆண்டுகளைக் கடந்த பிறகும் அந்த நோட்டை மிஞ்சிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. கடைகள் பெருகினால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் கண்டவரையில், போட்டி எல்லா விலைகளையும் இறக்குவதில்லை. வாங்குபவர் நினைவில் வைத்திருக்கும் விலைகளை மட்டுமே அது இறக்குகிறது. மற்ற விலைகள் அவரவர் வசதிக்கேற்ப நிற்கின்றன.

சீனியை எடுத்துக்கொள்வோம். அது அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு விலைப் பொருள். சாதாரணச் சீனிக்கு 2018ஆம் ஆண்டில் கிலோவுக்கு 2 ரிங்கிட் 85 காசு என்று உச்ச விலை வைத்தார்கள். மூட்டையை இறக்கும் கூலி, கடை வாடகை, எறும்பு, கிழிந்த பொட்டலம் எல்லாவற்றையும் கழித்தால் அதில் கடைக்காரருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது. மானிய விலையில் 2 ரிங்கிட் 50 காசுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயும் அப்படியே. ஆனாலும் சீனி இல்லாத மளிகைக் கடையை யாரும் மளிகைக் கடையாக மதிக்கமாட்டார்கள். சீனிக்காக வருகிறவர் கையில்தான் மிளகாய்த் தூளும் ஊதுபத்தியும் விற்பனையாகின்றன.

2008இல் அந்தக் கடையை விட்டுவிட்டு, பாலம் கடந்து எதிர்க்கரையிலுள்ள பிறை நகரில் ஒரு பேரங்காடியில் கொள்முதல் பிரிவில் சேர்ந்தேன். அங்கே என் முதல் வேலை விலை பார்த்து வருவது. வாரம் ஒரு நாள் காலையில், மற்றப் பேரங்காடிகளுக்குப் பொருள் வாங்குபவரைப் போலச் சென்று, குறிப்பிட்ட பொருட்களின் விலையைக் குறித்துக்கொண்டு பத்து மணிக்குள் அலுவலகம் திரும்ப வேண்டும். எங்கள் கடையில் பல்லாயிரம் பொருட்கள் இருந்தன. என் கையில் கொடுக்கப்பட்ட பட்டியலிலோ ஏறத்தாழ இருநூறுதான் இருந்தன. படித்துப் பார்த்தபோது உடல் சிலிர்த்தது. முதலாளியின் அரைப் பக்கம்தான் அது, கொஞ்சம் பெரிதாக்கி, கணினியில் அச்சிட்டிருந்தார்கள். அந்த இருநூறில் அடுத்த கடைக்காரர் ஐந்து காசு இறக்கினால் நாங்களும் மதியத்துக்குள் இறக்குவோம். மற்றவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில் போடும் டின் பாலையும் எண்ணெயையும் சில வாரங்களில் வாங்கிய விலைக்கும் குறைவாகவே விற்றோம். அந்த வாரங்களில் வரிசையில் நின்றவர்களிடையே என் பழைய தெருக் கடைக்காரர்களையும் கண்டிருக்கிறேன். மொத்த வியாபாரி அவர்களுக்குக் கொடுக்கும் விலையைவிட எங்கள் சில்லறை விலை மலிவாக இருந்ததால், பெட்டி பெட்டியாக எங்களிடமே வாங்கித் தங்கள் கடையில் அடுக்கினார்கள். ஒருவர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வெட்கப்பட எதுவுமே இல்லை. ஆயிரம் பெட்டி வாங்குகிறவனுக்கு ஒரு விலை, பத்துப் பெட்டி வாங்குகிறவனுக்கு ஒரு விலை என்று உற்பத்தியாளர் வைத்திருக்கும் ஏற்பாட்டில், சிறிய கடைக்காரர் எவ்வளவு உழைத்தாலும் அந்த அரைப் பக்கத்தில் பெரிய கடையை வெல்ல முடியாது. இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை; அன்று வீடு திரும்பிய பேருந்தில் வழியெல்லாம் அவர் முகமே நினைவில் இருந்தது.

அங்கே வேலை செய்தபோதுதான், 2011 ஜனவரி முதல் பினாங்கு மாநிலம் முழுவதும் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்கும் விதி எல்லா நாட்களுக்கும் வந்தது. பருப்பு பொட்டலத்தில் 20 காசு ஏறியதைக் கவனிக்காமல் எடுத்துப் போகிறவர்கள், பைக்கு 20 காசு என்றதும் ரொட்டியையும் முட்டைத் தட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தார்கள். காசு ஒன்றுதான். ஆனால் பருப்பின் 20 காசு மொத்த விலைக்குள் கரைந்துவிடுகிறது. பையின் 20 காசை ஒருவர் வாய் திறந்து கேட்கிறார், மற்றவர் தரவா வேண்டாமா என்று அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பயனீட்டாளரின் தேவை விலைக்கேற்ப வளையும் என்று பாடநூல் சொல்வது மெய்யே. ஆனால் அதற்கு அந்த விலை அவர் கண்ணில் பட வேண்டும்.

2016இல் மீண்டும் கடைத்தெருவுக்கு வந்துவிட்டேன். இம்முறை வேறொரு கடை, கொள்முதல் முழுவதும் என் பொறுப்பு. நான் பட்ட பாடுகளில் மறக்க முடியாதது 2019ஆம் ஆண்டின் வெங்காயம். அந்த ஆண்டு மகாராஷ்டிரத்தில் மழை பயிரைக் கெடுத்தது. செப்டம்பர் 13ஆம் தேதி இந்திய அரசாங்கம் டன்னுக்கு 850 அமெரிக்க டாலருக்குக் குறைவாக வெங்காயத்தை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றது; செப்டம்பர் 29ஆம் தேதி ஏற்றுமதியையே தடை செய்தது. தீபாவளி அக்டோபர் 27. எங்களுக்கு இருந்தது நான்கு வார அவகாசம். செய்தி வந்த மறுநாள் காலையில் மொத்த வியாபாரி தொலைபேசியில் சொன்ன விலையைக் கேட்டு, தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று இரண்டு முறை திரும்பக் கேட்டேன்.

அன்று கடையின் பின்கட்டில் பழைய விலைக்கு வாங்கிய மூட்டைகள் 14 இருந்தன. அவற்றை எந்த விலைக்கு விற்பது என்பதே கேள்வி. விலையை ஏற்றினால், "பழைய சரக்குக்குப் புது விலையா, தம்பி?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது? ஏற்றாமல் விற்றால், கையில் வரும் பணத்தைக் கொண்டு அடுத்த வாரம் அதே 14 மூட்டையை வாங்க முடியாது, பாதிதான் வரும். இது பேராசை அன்று, கடை தொடர்ந்து நடக்க வேண்டுமென்றால் போட்டே ஆக வேண்டிய கணக்கு என்று முதலாளி சொன்னதை ஏற்றுக்கொண்டேன். விலையை மூன்று நாட்களில் மூன்று படியாக ஏற்றினோம். அதில் எனக்கு இன்றும் குற்ற உணர்வு இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 2020 மார்ச் மாதம் தடை நீங்கி, வரத்து சீரடைந்து, மொத்த விலை சரிந்தபோது, நாங்கள் விலையை நாள் கணக்கில் இறக்கவில்லை. வாரக் கணக்கில் இறக்கினோம். விலை உயர்ந்த சரக்கு கையில் இருக்கிறது, அது தீரட்டும் என்று சொன்னோம். ஏறும்போது அடுத்து வாங்கப்போகும் சரக்கின் விலையைக் கணக்கில் வைத்தோம், இறங்கும்போது முன்னர் வாங்கிய சரக்கின் விலையைக் கணக்கில் வைத்தோம். இரண்டுமே தனித்தனியாக நியாயமாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நியாயமில்லை. 2018 ஜூன் முதல் தேதி பொருள் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து பூஜ்யமானபோதும் இதையே கண்டேன். அந்த வரி தொடங்குவதற்கு முந்தைய நாளான 2015 மார்ச் 31ஆம் தேதி இரவோடு இரவாகப் பேரங்காடியில் விலைச் சீட்டுகளை மாற்றிய நாங்கள், இறங்க வேண்டிய நேரத்தில் அவ்வளவு சுறுசுறுப்பைக் காட்டவில்லை. அடுத்த கடைக்காரர் முதலில் இறக்கினால்தான் நாமும் இறக்குவோம். அவரும் அப்படியே காத்திருக்கிறார்.

அந்தத் தீபாவளிக்கு மக்கள் வெங்காயத்தைக் கைவிடவில்லை. இரண்டு கிலோ வாங்குகிறவர் ஒரு கிலோ வாங்கினார். சிலர் சீன வெங்காயத்துக்கும் ஹாலந்து வெங்காயத்துக்கும் மாறினார்கள். ஓர் அம்மா சீன வெங்காயம் ஒன்றைக் கையிலெடுத்து, மேல் தோலை நகத்தால் உரித்து, அழுத்திப் பார்த்து, "இது எண்ணெயில் தண்ணீர் விடும். நம்முடையது வதங்கி நிறம் பிடிக்கும்" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டு, இந்திய வெங்காயம் கால் கிலோ நிறுக்கச் சொன்னார். ஒரு பொருளுக்கு மாற்று இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது வியாபாரி அல்ல, சமைக்கிறவரின் நாக்கு என்று அன்று புரிந்துகொண்டேன்.

அரிசியின் கதை அதைவிடக் கடுமை. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. செப்டம்பர் முதல் தேதி, நாட்டின் அரிசி இறக்குமதி உரிமையைக் கொண்ட பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்நாட்டு வெள்ளை அரிசியோ 10 கிலோ 26 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலையில் நின்றது. அலமாரியில் அருகருகே இரண்டு மூட்டைகள் இருந்து, ஒன்றின் விலை மட்டும் இப்படி எகிறினால் யார்தான் மற்றொன்றை நாடமாட்டார்கள்? சில நாட்களில் உள்நாட்டு அரிசி காணாமல் போனது. எங்களுக்கு வந்த மூட்டைகளை ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன். கடை திறக்கும் முன்பே வாசலில் காத்திருந்தவர்கள் ஓய்வூதியக்காரர்களும் கூலி வேலைக்குப் போகும் பெண்களுமாகவே இருந்தார்கள். கட்டுப்பாட்டு விலை ஏழையைக் காப்பதற்காக வைத்தது. பொருள் வரவில்லையென்றால் அந்த விலை அட்டையில் மட்டுமே இருக்கும். இருந்தும் கட்டுப்பாடே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருநாள் காலத்தில் உச்ச விலைப் பொருட்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை தொங்கும்போது, விலை கேட்கவே கூச்சப்படும் வயதானவர்கள் அதைக் கைகாட்டித் தைரியமாக வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர்கள் மாலையில் தேநீர் குடிக்கும்போது விலையைப் பற்றிப் பேசுவது இயல்பு. "சரக்கு ஏறிவிட்டது" என்ற பேச்சு, "எல்லோரும் சேர்ந்து ஏற்றுவோம்" என்று மாறும் இடம் மிக நெருக்கமானது. 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. கேமரன் மலை மலர் வளர்ப்போர் சங்கம் பூ விலையை 10 விழுக்காடு ஏற்ற ஒன்றாக முடிவெடுத்தது அந்த ஆண்டே விசாரணைக்கு உள்ளாகித் தவறெனத் தீர்ப்பாயிற்று. பூக்கடைகளும் உள்ள எங்கள் தெருவில் அது பல நாள் பேச்சாக இருந்தது. பின்னர் கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் ஐஸ் விலையைச் சேர்ந்து ஏற்றிய 24 உற்பத்தியாளர்களுக்கு அபராதம் விழுந்தது. அதன் பிறகு அப்படிப் பேச்சு திரும்பினால் நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமைதோறும் லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டி இருக்கிறார். மிளகு ஐம்பது கிராம், சீரகம் ஐம்பது கிராம், பருப்பு கால் கிலோ. சிறு பொட்டலத்தைக் கிலோவாகப் பெருக்கிப் பார்த்தால், ஒரு கிலோ வாங்குகிறவரைவிட அவர் கூடுதலாகவே கொடுக்கிறார். பொட்டலம் கட்டும் செலவு அதில் ஒரு பங்கு, மிச்சம் நம் வசதி. ஆனால் மொத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லாதவர். முதலாளியிடம் பேசி, கால் கிலோவுக்குக் குறைவாக நிறுத்து வாங்குகிறவர்களுக்கும் கிலோ விலையையே கணக்கிட அனுமதி வாங்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

சென்ற மாதம் அந்தப் பாட்டி மிளகுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, மூன்றாவது கடையில் முப்பது காசு குறைவு. போன வாரமும் அப்படித்தான்" என்றார். மிளகு இரண்டாவது பட்டியலில் உள்ள பொருள். அதன் விலையை மனத்தில் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரை இத்தனை ஆண்டுகளில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அவருக்கு எல்லாப் பொருளின் விலையும் தெரிந்திருந்தது, தெரியாமல் அவரால் அந்த வாரத்தைக் கடத்த முடியாது. மதியம் மூன்றாவது கடைக்கு நானே நடந்து போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மாலையில் கடை அடைப்பதற்கு முன் எங்கள் மிளகு விலை அட்டையை எடுத்து மாற்றி எழுதினேன்.