வேதபாட வகுப்பில் கேட்ட ஜட்சன் கதை

விளையாட்டு விழாவைப் பற்றியும் தலைமையாசிரியரின் பிரம்பைப் பற்றியும் வேறு யாராவது எழுதுவார்கள். நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதுமே எனக்கு நினைவுக்கு வந்தவர் வேதபாட டீச்சர். தமிழர்தான் என்றாலும் பர்மியப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் அவரை ‘சயாமா’ என்றுதான் கூப்பிட்டோம்; பர்மிய மொழியில் டீச்சர் என்று பொருள்.

பர்மாவின் மௌல்மேனில் படித்த நமக்கு அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் பெயர் புதிதல்ல. முதல் ஆங்கிலேய பர்மியப் போர் வந்ததும் 1824இல் பர்மிய அரசரின் தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். இரவில் கால் விலங்கை மூங்கிலில் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் கிடக்கும். அவருடைய பர்மியப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காவலன்கூட ஆசைப்படாத அளவுக்குக் கட்டியான, அசிங்கமான தலையணை! அது எப்படித் தப்பியது என்ற கதையை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் சொல்வார்கள்.

சயாமா அதோடு நிறுத்தமாட்டார். விடுதலையான பிறகு நடந்ததுதான் அவருக்கு முக்கியம். 1826இல் ஆன் ஆம்ஹர்ஸ்டில் இறந்தார். அடுத்த ஆண்டு கைக்குழந்தை மரியாளும் போய்விட்டாள். ஜட்சன் காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். தனக்கே ஒரு குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாவை நினைத்துக்கொண்டிருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் கடிதமும் எழுதினார். மிஷனெரி இப்படி எழுதலாமா என்று நம்மில் ஒருவன் கேட்டான். “எழுதினாரே” என்றார் சயாமா, அவ்வளவுதான்.

எல்லா டீச்சர்களும் ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று ஆறுதல் சொல்லும் 23ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால், இவர் 88ஆம் சங்கீதத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்வார். அதில் ஆறுதல் வரி எதுவும் கடைசிவரை வராது. ஆனால் அந்தப் புலம்பல் முழுக்கக் கடவுளைப் பார்த்தே பேசுகிறது. பன்னிரண்டு வயதில் அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் 1964 வந்தது. மார்ச்சில் ரங்கூனில் கடைகள் அரசுடைமையாயின. சில வாரங்களில் எங்கள் ஊருக்கும் அது வந்தது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவின் துணிக்கடை போய்விட்டது. கோவிலுக்கு வருவதை அவர் நிறுத்திவிட்டார், வீட்டு ஜெபத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். உறவினர்கள் வந்து ‘கர்த்தர் ஒரு கதவை அடைத்தால்’ என்று தொடங்கினாலே அவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சயாமா வந்தபோது வசனம் எதுவும் சொல்லவில்லை. சபைக் காணிக்கைக் கணக்கு நோட்டை மேசைமேல் வைத்து, “அண்ணே, கூட்டல் சரியா வரல, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்றார். அப்பா கணக்கில் புலி. ஒரே இரவில் பிழையைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரமும் நோட்டு வந்தது. பிறகு அவரே அதை வாங்கிவர சனிக்கிழமைகளில் கோவிலுக்குப் போனார். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போகவில்லை. ஜட்சனும் அந்த இருட்டுக்குப் பிறகு மொழிபெயர்ப்பு மேசைக்குத்தான் திரும்பினார், 1834இல் மௌல்மேனில்தான் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார் என்று சயாமா வகுப்பில் சொன்னபோது, எங்கள் வீட்டு நோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

1965இல் நம் பள்ளியும் அரசுடைமையானது, வேதபாட வகுப்பு நின்றது. சபையில் பலர் கப்பலேறி மதராசுக்குப் போனார்கள். காணிக்கை சுருங்கியது, அப்பா அதையும் தவறாமல் எழுதினார். பின்னாளில் அவர் ஆராதனைக்கும் வந்தார். எப்போது, ஏன் என்று எங்களிடம் சொன்னதில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

என் கணவர் இறந்த வருடம் எனக்கு ஜெபம் வரவில்லை. 88ஆம் சங்கீதம் மட்டும் முழுதாக வாயில் வந்தது. அதைத்தான் மாதக்கணக்கில் சொன்னேன். இன்றும் சில இரவுகளில் அதுதான் என் ஜெபம்.

சயாமாவும் கடைசியில் கப்பலேறியவர்களில் ஒருவர். அவர் இருக்கும் வகுப்புப் படம் உங்களில் யாரிடமாவது இருந்தால் அடுத்த மலருக்கு அனுப்புங்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை.